மாவட்டம் முதல் கதவு எண் வரை

மேட்டுத்தெரு, கப்பலூர் அருகில்
18.4.2005

பதிவுத் தபால்

சென்னை நிறுவனத்தில் போட்டோக்களைக் கையாளும் பிரிவின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ஒப்புகை அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தபால்காரர் இதை உங்களிடம் கொடுத்திருப்பார். கிடைக்கவில்லை என்று பிறகு சொல்ல வழியில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ப. முத்திருளன். வயது அறுபத்தாறு. திருமங்கலம் தாலுகா ஆபீஸ் எதிரில் முப்பத்தொரு வருடமாக மனு எழுதுகிறேன். நாலுவழிச் சாலைக்காக எங்கள் தெருவில் எண்பத்தாறு வீடுகள் போகின்றன. ஒன்றுக்கும் பட்டா கிடையாது. பட்டா இல்லாதவர்கள் தாங்கள் குடியிருந்ததை மார்ச் 31-க்குள் போட்டோவில் காட்டினால் மாற்று இடம் உண்டு என்று ரோடு ஆபீஸில் சொன்னார்கள். வீட்டுக்காரர் வாசலில் நிற்க வேண்டும், போட்டோ சி.டி.யில் இருக்க வேண்டும், சென்னையில் அவர்களுக்காகப் பட்டியல் தயாரிக்கும் உங்கள் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி.

எண்பத்தாறு வீட்டையும் நானே எடுத்தேன். காமிரா என்னுடையது. கம்ப்யூட்டர் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அறுபத்து மூன்று வயதில் மதுரைக் காளவாசலில் பாலமுரளி என்பவர் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து, திட்டு வாங்கி, நானாகக் கற்றுக்கொண்டேன். மார்ச் 26-ல் சி.டி. அனுப்பினேன். உங்கள் ஆபீஸ் முத்திரையுடன் ஒப்புகை என்னிடம் இருக்கிறது.

போன வாரம் ரோடு ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். மேட்டுத்தெரு, வீடுகள் ஒன்று. அந்த ஒன்று விருமாண்டியுடையது. பட்டியலோடு ஒட்டிய போட்டோவில் நிற்பது அவன்தான், ஆனால் பின்னால் இருப்பது அவன் வீடு அல்ல, ஆட்டுக்கொட்டில். வீட்டைவிடக் கொட்டில் பார்வையாக இருக்கிறது என்று அதன் முன்னால் போய் நின்றுகொண்டான். நானும் விட்டுவிட்டேன்.

மற்ற எண்பத்தைந்து பேர் எங்கே? எழுத்தில் பதில் வேண்டும். போனில் சொல்வதை நான் ஏற்பதில்லை.

ப. முத்திருளன்

*

சென்னை
25.4.2005

மதிப்பிற்குரிய அய்யா,

உங்கள் கடிதம் கிடைத்தது. போட்டோ பிரிவை மேற்பார்க்கிறவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

உங்கள் சி.டி.யில் எண்பத்தாறு போட்டோக்கள் இருந்தன என்று எங்கள் வரவுப் பதிவேட்டில் இருக்கிறது. அவற்றை யாரும் எடுத்துப் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு ஒரு நாளைக்கு நாலாயிரம் போட்டோ வரும். ஒவ்வொன்றாகத் திறந்து அளவைக் குறைக்க ஆள் இல்லை. ஒரு மென்பொருளிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவோம். அது எல்லாவற்றையும் ஒரே அளவாக்கி, பெயரில் முதல் முப்பத்திரண்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறு இடத்தில் சேமிக்கும்.

நீங்கள் கோப்புகளுக்கு வைத்த பெயர் மிக நீளம். எல்லாப் பெயரும் ‘மதுரை மாவட்டம், திருமங்கலம் வட்டம், கப்பலூர்’ என்றே ஆரம்பிக்கிறது. ஆளின் பெயர் வருவதற்குள் முப்பத்திரண்டு எழுத்து முடிந்துவிட்டது. ஆகவே எண்பத்தாறுக்கும் ஒரே பெயர் ஆகிவிட்டது. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது. இரண்டாவது வந்ததும் முதலாவது அழிந்தது, மூன்றாவது வந்ததும் இரண்டாவது அழிந்தது. கடைசியாக வந்தது விருமாண்டி. அவர் மட்டும் மிஞ்சினார்.

இதற்கு வழி சுலபம். அதே போட்டோக்களுக்கு 001, 002 என்று எண் கொடுத்து, எந்த எண் யார் என்று தனித் தாளில் எழுதி, மறுபடி அனுப்புங்கள். அசல் சி.டி.யை வேலை முடிந்ததும் ரோடு ஆபீஸுக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

ஹம்சவேணி

*

மேட்டுத்தெரு
29.4.2005

ஹம்சவேணி அம்மாளுக்கு,

எண் கொடுக்க மாட்டேன்.

எண் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கண்மாய்க் கரைக் குடிசைகள் வெள்ளத்தில் போயின. ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தார்கள். ஜெயக்கொடி என்ற பெண்ணுக்கு 17. எந்த எண் யார் என்பதற்குத் தனித் தாள் இருந்தது, நீங்கள் சொல்கிற மாதிரியே. இடம் கொடுக்கிற நாளில் ஜெயக்கொடி டோக்கனோடு போய் நின்றார். “பதினேழு காலையிலேயே வாங்கிட்டுப் போயாச்சே, நீ எந்தப் பதினேழு?” என்று கேட்டார்கள். தனித் தாளை யாரோ மாற்றி எழுதியிருந்தார்கள். அவருக்காகப் பதினோரு மனு எழுதினேன். இன்றைக்கும் அவர் தங்கை வீட்டில்தான் படுக்கிறார்.

எண்ணை ஒரே நிமிடத்தில் இன்னொருவருக்கு மாற்றிவிடலாம். போட்டோவின் தலையிலேயே ஆளின் பெயரும், கணவன் அல்லது தகப்பன் பெயரும், கதவு எண்ணும் இருந்தால் மாற்றுகிறவன் அவ்வளவையும் அழித்துத்தான் மாற்ற வேண்டும். அதனால்தான் அப்படி வைத்தேன்.

நீளம் என்கிறீர்கள். சி.டி.யில் பெயர் அறுபத்து நான்கு எழுத்துக்கு மேல் நிற்காது என்று பாலமுரளி சொன்னார். “அண்ணே, பேரச் சுருக்குங்கண்ணே, இம்புட்டு நீளத்துக்கு ரெயில்தேன் விடணும்” என்றார். நான் சுருக்கவில்லை. நோட்டில் பென்சிலால் கட்டம் போட்டு ஒவ்வொரு பெயரையும் எண்ணினேன். இங்கிலீஷ் எழுத்தில் ரெங்கம்மாள், கணவர் பொன்னையா, கதவு எண் 3-41, மாவட்டம் வட்டம் எல்லாம் சேர்த்துச் சரியாக அறுபத்து நான்கு வந்தது. சி.டி. ஏற்றுக்கொண்டது. உங்கள் மென்பொருள் ஏற்கவில்லை என்றால் அதை மாற்றுங்கள். என்னை மாற்றச் சொல்லாதீர்கள்.

டீக்கடையில் நான் படுகிற பாட்டையும் கேளுங்கள். பேச்சிமுத்து என்று ஒருவன், நான் உட்காருகிற வரை காத்திருந்து ஆரம்பிக்கிறான். “முத்திருளண்ணே, எம்பத்தாறு பேர வெயில்ல நிக்கவச்சுப் போட்டோ புடிச்சீக. கடைசியில ஆட்டுக்கு எடம் வாங்கிக் குடுத்துட்டீகளே!” விருமாண்டி என் ஒன்றுவிட்ட தங்கை மகன். அதனால் நான் வேண்டுமென்றே செய்தேன் என்று பாதித் தெரு நினைக்கிறது. ரெங்கம்மாள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் காலையில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். அதற்குப் பேச்சிமுத்துவே மேல்.

ப. முத்திருளன்

*

சென்னை
5.5.2005

அய்யா,

உங்கள் கோபம் புரிகிறது. பிடிவாதம் புரியவில்லை.

நானும் மதுரைக்காரிதான். மகால் பக்கம், சௌராஷ்டிரக் குடும்பம். எங்கள் தெருவில் ஒரே பெயரில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். வீட்டுப் பெயரை முன்னால் சேர்த்தால்தான் யார் என்று தெரியும். அங்கே யாராவது ‘மதுரை மாவட்டம்’ என்று ஆரம்பித்து ஆளைக் கூப்பிட்டால், வாசலுக்கு வருவதற்குள் கூப்பிட்டவர் போய்விடுவார்.

எண் வேண்டாம் என்கிறீர்கள். சரி, ஜெயக்கொடி விஷயத்தைப் படித்த பிறகு அதை வற்புறுத்த மாட்டேன். ஆனால் பெயரை முதலில் வைக்க என்ன தடை? ரெங்கம்மாள், பொன்னையா, 3-41 என்று ஆரம்பித்து, மாவட்டத்தைக் கடைசியில் போடுங்கள். வெட்டுப்பட்டால் மாவட்டம்தான் வெட்டுப்படும். மதுரை எந்த மாவட்டம் என்று தெரியாமல் யாரும் தவிக்கப் போவதில்லை. நீங்கள் கோப்புக்குப் பெயர் வைக்கவில்லை அய்யா, மனு எழுதியிருக்கிறீர்கள்.

ஆட்சேபணைக்குக் கடைசி நாள் மே 31. உங்களிடம் உள்ள பிரதியை, பெயர் முதலில் வருமாறு மாற்றி உடனே அனுப்புங்கள். கோப்பின் தேதி மார்ச் 31-க்கு முந்தியதாக இருந்தால் ரோடு ஆபீஸ் ஏற்றுக்கொள்ளும். ஒரு நாள் வேலை. கௌரவம் பார்க்காதீர்கள்.

ஹம்சவேணி

*

மேட்டுத்தெரு
10.5.2005

அம்மாளுக்கு,

மனு எழுதியிருக்கிறேன் என்று சொன்னதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. அது உண்மை.

மாவட்டத்திலிருந்து ஆரம்பிப்பது என் இஷ்டத்துக்குச் செய்ததல்ல. முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய எந்த மனுவும் வேறு மாதிரி ஆரம்பித்ததில்லை. ஆரம்பத்தில் ஒரு குமாஸ்தா, மாவட்டம் இல்லை என்று என் மனுவைத் தரையில் போட்டார். நான் குனிந்து எடுத்தேன். அன்றிலிருந்து வைத்த ஒழுங்கு இது. மேட்டுத்தெருவில் நாலு ரெங்கம்மாள் இல்லை. ஆனால் சென்னையில் உங்கள் மேஜையில் நாற்பது ரெங்கம்மாள் இருப்பார்கள். எங்கள் ஆள் எந்த மண்ணில் நிற்கிறாள் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அவள் பெயரைச் சொல்வேன்.

பிரதி கேட்டீர்கள். பிரதி இல்லை.

இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன். காமிராவில் இருக்கிற அட்டையில் முப்பது போட்டோதான் பிடிக்கும். காளவாசலுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றி, அட்டையை அழித்து, திரும்ப வந்து அடுத்த முப்பது வீடு. மூன்று நடை. சி.டி. போட்ட மறுவாரம் கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்ததால் பாலமுரளி எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். இன்னொரு சி.டி. போட்டு வையுங்கள் என்று அதற்கு முன்பே அவர் சொன்னார். ஒப்புகை இருக்கிறது, அது போதும் என்று நான் சொன்னேன். ஒப்புகையில் ‘சி.டி. ஒன்று’ என்றுதான் இருக்கிறது. உள்ளே எத்தனை பேர் என்று இல்லை. இதைத் தெருவில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

மறுபடி எடுக்கவும் முடியாது. தேதி தாண்டிவிட்டது. போன வெள்ளிக்கிழமை முதல் புல்டோசர் வாசல்களை வெட்ட ஆரம்பித்துவிட்டது. ரெங்கம்மாள் வீட்டின் முன் சுவர் இப்போது இல்லை. உலை கொதிப்பது ரோட்டிலிருந்து தெரிகிறது.

ரோடு ஆபீஸில் விசாரித்தேன். நீங்கள் திருப்பி அனுப்பிய சி.டி. வரவே இல்லை என்கிறார்கள். எண்பத்தாறு போட்டோ வந்தது என்று ஏப்ரல் 25-ல் நீங்கள் எழுதிய கடிதத்தைக் காட்டினேன். “யார் யார் பேர்ல வந்துச்சுன்னு இதுல இல்லையே பெரியவரே” என்றார்கள். ஆகவே கேட்கிறேன். இன்னின்னார் போட்டோ இன்ன தேதியில் எங்களிடம் வந்தது, எங்கள் இயந்திரத்தில் அழிந்தது என்று பெயரோடு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். வேறொன்றும் வேண்டாம்.

ப. முத்திருளன்

*

சென்னை
14.5.2005

அய்யா,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். இனி ஆபீஸ் முகவரிக்கு எழுத வேண்டாம். உறையின் பின்பக்கம் என் வீட்டு முகவரி இருக்கிறது.

நீங்கள் கேட்ட கடிதத்தைத் தர முடியாது என்று எங்கள் மேலாளர் சாய்பிரசாத் சொல்லிவிட்டார். “அந்த ஆளு தப்பா பேரு வச்சதுக்கு நாம ஏம்மா எழுதித் தரணும்? ஒண்ணு எழுதிக் குடுத்தா நாளைக்கு ஒன்பது பேரு கேப்பான்” என்றார். ஏப்ரலில் நான் எழுதிய பதிலே அதிகம் என்று கோபப்பட்டார்.

உங்களிடம் ஒன்றை மறைத்தேன். மென்பொருள் தானாக அழிக்காது. ஒரே பெயர் இரண்டாவது முறை வந்தால் ‘பழையதை அழிக்கலாமா’ என்று நின்று கேட்கும். நாலாயிரம் போட்டோவுக்கு அப்படி நின்று நின்று கேட்டால் வேலை ஓடாது. அதனால் ‘கேட்காமல் அழி’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டு வைத்திருக்கிறோம். ‘இருக்கிறோம்’ என்று எழுதுகிறேன். போட்டது நான்.

உங்கள் தெருவைப் பற்றி அது எண்பத்தைந்து முறை என்னைக் கேட்டிருக்கும். கேட்க வேண்டாம் என்று நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

ஹம்சவேணி

*

மேட்டுத்தெரு
17.5.2005

அம்மாளுக்கு,

நீங்கள் டிக் போட்டீர்கள், நான் பிரதி வைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தாலும் ரெங்கம்மாளுக்குச் சுவர் வராது.

வருத்தம் தெரிவித்து எழுதுகிற கடிதங்களை நானும் நிறையப் படித்திருக்கிறேன். என் தொழிலில் அவை எந்தக் கோப்பிலும் சேராது. உங்கள் மேலாளர் என் மேல் பழி போட்டால் போடட்டும். தப்பாகப் பெயர் வைத்தான் என்றே எழுதித் தரட்டும். ஆனால் எந்தப் பெயர்களை வைத்தேன் என்று சேர்த்து எழுதித் தரட்டும். அது போதும்.

இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. நீங்கள் மதுரைக்காரி என்று எழுதினீர்கள்.

ப. முத்திருளன்

*

சென்னை
23.5.2005

அய்யா,

இத்துடன் ஆறு தாள்கள் இருக்கின்றன. முதலில் அவற்றை எண்ணிப் பாருங்கள்.

‘எந்தப் பெயர்களை வைத்தேன் என்று’ என நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. அந்த மென்பொருள் தான் செய்ததையெல்லாம் வரி வரியாக ஒரு கோப்பில் எழுதி வைக்கும். ஏதாவது பழுதானால் பார்ப்பதற்காக. மூன்று வருடத்தில் நாங்கள் யாரும் அதைத் திறந்ததில்லை. சனிக்கிழமை திறந்தேன். மார்ச் 30, பகல் 11.42 என்ற இடத்தில் உங்கள் தெரு ஆரம்பிக்கிறது.

ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் வந்த பெயர், வலப்பக்கம் சேமித்த பெயர். வெட்டு விழுந்தது வலப்பக்கத்தில் மட்டும்தான். இடப்பக்கத்தில் நீங்கள் தட்டியது ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. மாவட்டம், வட்டம், ஊர், ஆள், தகப்பனோ கணவனோ, கதவு எண். பக்கத்தில் போட்டோ எடுத்த தேதியும் மணியும். எண்பத்தாறு வரி. ரெங்கம்மாள் மார்ச் 14, காலை 9.05. எண்பத்தைந்து வரிகளின் முடிவில் ‘முந்தையது அழிக்கப்பட்டது’ என்று அதுவே எழுதியிருக்கிறது. முதல் வரியில் மட்டும் இல்லை.

நான் சொன்னபடி நீங்கள் 001, 002 என்று அனுப்பியிருந்தால் இந்த ஆறு தாளிலும் எண்கள்தான் இருந்திருக்கும். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும், எழுதிவிட்டேன்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் என் பெயர், பதவி, கையெழுத்து. நிறுவன முத்திரையும் வைத்திருக்கிறேன். மேலாளரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். “யோசிச்சுப் பண்ணு” என்றார். ஒரு மாதமாக யோசித்துவிட்டேன் என்றேன். அந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். இப்போது வேலை மெதுவாக ஓடுகிறது. எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள்.

ஆனாலும் பெயரை முதலில் வைப்பதுதான் சரி. அதில் நான் மாற மாட்டேன்.

ஹம்சவேணி

*

மேட்டுத்தெரு
12.6.2005

ஹம்சவேணி அம்மாளுக்கு,

ஆறு தாளும் வந்தன. எண்ணினேன். பாலமுரளி கடையில் நாலு செட் நகல் எடுத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. மே 27-ல் ஆட்சேபணை மனுவோடு கொடுத்துவிட்டேன். நேரில் கொடுத்தாலும் முத்திரை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

உங்களை அங்கே என்ன செய்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஏதாவது செய்திருந்தால் உடனே எழுதுங்கள். எந்த ஊர் மேலாளராக இருந்தாலும் என் மனுவை ஒரு தடவையாவது படித்துத்தான் ஆக வேண்டும்.

பெயரை முதலில் வைக்க மாட்டேன். இதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் தேதி தல விசாரணைக்கு ஆள் வந்தது. சின்ன வயது அதிகாரி, கறுப்புக் குடை, கையில் உங்கள் ஆறு தாள். தெரு முழுக்க அவரவர் வாசலில் நின்றது. வாசல் இல்லாதவர்கள் வாசல் இருந்த இடத்தில் நின்றார்கள். தாளில் இருக்கிற பெயரை வாசித்து, ஆளைப் பார்த்து, கதவு எண்ணைப் பார்த்து, பட்டியலில் ஏற்ற வேண்டும்.

முதல் மூன்று பேரை முழுதாக வாசித்தார். நாலாவது வீட்டில் குடையை மடக்கினார். “பெரியவரே, எல்லாம் ஒரே மாவட்டம், ஒரே வட்டம், ஒரே ஊரு. ஒவ்வொரு தடவையும் எதுக்கு? பேரை மட்டும் வாசிச்சுட்டுப் போறேன், வெயில் கொல்லுது” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ரெங்கம்மாள் திறந்தார். இரண்டு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர்.

“சார், அம்புட்டையும் வாசிங்க.”

“ஏம்மா, எல்லாருக்கும் அதேதானே இருக்கு?”

“இருக்கட்டும். முன்னாடி இருக்கிறது எல்லாத்துக்கும் ஒண்ணுதேன்னு பாதியில வெட்டுனதாலதேன் நாங்க இப்புடி நடுரோட்டுல நிக்கிறோம். இவரு ஒவ்வொரு எழுத்தா எண்ணி எண்ணிப் போட்டுருக்காரு. நீங்க வாயால வாசிக்கத்தேன சொல்றோம்?”

பேச்சிமுத்து பின்னாலிருந்து, “வாசிங்க சார், எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல. வீடே இல்லாதவுகளுக்கு என்ன அவசரம்?” என்றான். தெரு சிரித்தது. அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மாவட்டத்திலிருந்து ஆரம்பித்தார்.

ரெங்கம்மாள் முறை வந்தபோது அவர் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். 3-41 என்று தார் பூசி எழுதிய கதவைச் சுவர் விழுந்த அன்றே கழற்றி வைத்திருந்தார். அதைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வாசித்து முடிகிற வரை கண்ணை எடுக்காமல் கேட்டார். அதிகாரி பட்டியலில் எழுதியதை ரெங்கம்மாள் எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. “எம்பேரு எதுங்க?” என்று கேட்டார். அதிகாரி விரலை வைத்துக் காட்டினார். ரெங்கம்மாள் அந்த இடத்தைத் தன் விரலாலும் ஒரு தடவை தொட்டுவிட்டுக் கதவை இறக்கி வைத்தார்.

கடைசியில் விருமாண்டி. “இது ஆட்டுக்கொட்டில் இல்லையா?” என்று அதிகாரி கேட்டார். “ஆடும் நானும் ஒண்ணாத்தேன் இருக்கோம் சார், ஒருத்தரப் பிரிச்சு ஒருத்தருக்கு எடம் குடுக்காதீக” என்றான். பக்கத்தில் இருந்த அவன் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார்.

ஆரம்பித்தது காலை பத்து மணிக்கு. முடியும்போது மணி நாலரை. எண்பத்தாறு தடவை மதுரை மாவட்டம், எண்பத்தாறு தடவை திருமங்கலம் வட்டம். நடுவில் இரண்டு தடவை அவருக்குத் தண்ணீர் கொடுத்தோம். தன் பெயர் ஏறிய பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

ப. முத்திருளன்